லாரி வளையம் பிடிக்க என்ன செலவாகும்?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேற்கேயிருந்து வருகிற காற்று, மலைகளுக்கு நடுவே உள்ள இந்த இடைவெளியைக் கண்டதும், அவிழ்த்து விட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக் கொண்டு பாயும். தோளில் துண்டு தங்காது. பேசுகிற பேச்சில் பாதி முப்பந்தல் காற்றாலைகளுக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் பாரத்தை எங்கேயோ இறக்கி விட்டு வெறுமையாக வருகிற ஒரு லாரியைக் கவனியுங்கள். தார்ப்பாய் படபடவென்று அடிக்கும். வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகரும். மறு கணம் நேராகிவிடும். அந்த ஒரு முழத்தைக் காற்றிடமிருந்து திரும்ப வாங்கியவை டிரைவருடைய இரண்டு கைகள்தான்.

அந்தக் கைகளுக்குச் சர்க்கார் கொடுக்கிற அனுமதியைத்தான் நம் ஜனங்கள் "ஹெவி லைசென்ஸ்" என்கிறார்கள். அதைப் பெற என்ன செலவாகும், என்னென்ன வேண்டும் என்று நான் விசாரிக்கக் காரணமாக இருந்தவர் ஒரு தாயார்.

நாகர்கோவில் பஸ்ஸுக்காகச் சாலையோரத் தேநீர்க் கடையில் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் வயதான லாரி டிரைவர் ஒருவர் டீ குடித்துக் கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் கையில் துணிப்பையோடு அவரிடம் வந்தாள். பின்னால் அவளுடைய மகன். கைகளில் செங்கல் தூள்; சூளையிலிருந்து நேரே வந்திருக்கிறான் போலும்.

"அண்ணாச்சி, இவனுக்கு ஹெவி லைசென்ஸ் எடுக்கணும். ஒருத்தர் முப்பதாயிரம் கேக்குதாரு. ஒரு மாசத்துல கையில குடுத்திருவாராம். நீங்க இத்தனை வருசமா வண்டி ஓட்டுதீங்க. நியாயமான ரேட்டுதானா?"

"பையனுக்கு என்ன வயசு?"

"வாற கார்த்திகைக்குப் பத்தொம்பது."

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பம் அவரு உங்ககிட்ட விக்கது லைசென்ஸ் இல்ல தங்கச்சி. வெறும் பேச்சு!"

துணிப்பைக்குள் ஒரு சங்கிலி இருந்தது. அதை நாகர்கோவிலில் அடகு வைக்கத்தான் அவள் புறப்பட்டிருந்தாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையனோ, பெண்ணோ இருக்கலாம். ஆகவே சங்கிலி கைமாறுவதற்கு முன்னால், சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

அவசரத்துக்கு இடம் இல்லை

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. கார் ஓட்ட 18 வயது நிறைந்தால் போதும். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 நிறைய வேண்டும். அது மட்டுமல்ல; முதலில் கார் ரகத்து லைசென்ஸ், அதாவது இலகுரக வாகன லைசென்ஸ், கையில் இருக்க வேண்டும். அதை வாங்கிக் குறைந்தது ஓராண்டு ஆன பிறகுதான் கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமமே கேட்கலாம். பழகுநர் உரிமம் என்றால் நம் ஊர் பாஷையில் "எல்.எல்.ஆர்." அதன் ஆயுள் ஆறு மாதம். அதை வாங்கி முப்பது நாளாவது ஆன பின்தான் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போக முடியும்.

நம் பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கே கார் ரகத்துக்கு எல்.எல்.ஆர். எடுத்தால் ஆவணிக்குள் அந்த லைசென்ஸ் வரலாம். அடுத்த ஆவணியில் ஓராண்டு முடியும். ஆனால் 20 வயது நிறைவது அடுத்த வருஷம் கார்த்திகையில். அதற்குப் பிறகுதான் கனரக எல்.எல்.ஆர். எல்லாம் ஒழுங்காக நடந்தால் தை, மாசியில் லைசென்ஸ். இதை ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர், ஒன்று பையனின் வயதை மாற்றப் போகிறார், இல்லையானால் அம்மாவின் பணத்தை இடம் மாற்றப் போகிறார். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

பையன் தரையைப் பார்த்துக் கொண்டு மெல்லச் சொன்னான்: "மாமா, நான் ஏழாவதோட நின்னுட்டேன். எட்டாவது பாஸ் இல்லாம குடுக்க மாட்டாங்களாமே?"

"ஆமா மக்கா, அது ஒண்ணு இருக்கு" என்று டிரைவரும் தலையாட்டினார்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது வாஸ்தவம்தான். 2019 செப்டம்பரில் மத்திய அரசு அந்த விதியையே நீக்கி விட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாதவரும் இன்று தாராளமாக விண்ணப்பிக்கலாம். இந்தச் சேதி இன்னும் பல தேநீர்க் கடைகளுக்கு வந்து சேரவில்லை என்று தெரிகிறது. "எட்டாவது சர்ட்டிபிகேட்டையும் சேர்த்து நானே பார்த்துக் கொள்கிறேன்" என்று எவராவது பணம் கேட்டால், இல்லாத வாசலுக்குச் சாவி விற்கிறார் என்று அர்த்தம்.

ஒரு விலக்கு உண்டு. பெட்ரோல், சமையல் வாயு, அமிலம் போன்ற அபாயச் சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டுமானால் தனிப் பயிற்சி எடுத்து, லைசென்ஸில் தனியாகக் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். அதற்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது நியாயமான நிபந்தனையே. டாங்கர் கவிழ்ந்து கிடக்கும்போது, உள்ளே இருப்பது தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடியதா, ஊற்றவே கூடாததா என்று அட்டையைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

சர்க்கார் வாங்குவது எவ்வளவு?

இனி பணத்துக்கு வருவோம். மத்திய அரசு 2016 டிசம்பரில் வகுத்த கட்டண விகிதம் இது. எல்.எல்.ஆருக்கு ஒவ்வொரு வாகன ரகத்துக்கும் 150 ரூபாய். அதற்கான பரீட்சைக்கு 50. ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு 300. லைசென்ஸ் அட்டைக்கு 200. ஆக, கார் ரகத்து லைசென்ஸ் 700 ரூபாயில் முடிகிறது. ஓராண்டு கழித்துக் கனரகத்தைச் சேர்க்கும்போது மறுபடியும் எல்.எல்.ஆர்., மறுபடியும் பரீட்சை. புதிய ரகத்தைச் சேர்ப்பதற்கு 500 ரூபாய். புதிய அட்டைக்கு உள்ளது தனி. மாநில அரசின் சேவைக் கட்டணம் கொஞ்சம் கூடும். எல்லாவற்றையும் கூட்டினாலும் இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்துச் சர்க்காருக்குப் போவது இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றித்தான்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் அந்த அம்மாள் ஒரு தடவை பையைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "பின்ன எதுக்கு முப்பதாயிரம்?" என்றாள்.

அதுதான் கேள்வி. எல்லாப் பணமும் தரகர் பைக்குத்தான் போகிறது என்று சொல்லி விட்டால் அது முழு உண்மையாகாது. கனரக லைசென்ஸுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்ததாக ஐந்தாம் எண் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். பள்ளிக்குச் சம்பளம் கட்டியே ஆக வேண்டும். அது பல ஆயிரம்; பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். லாரி குடிக்கும் டீசலும், தேயும் டயரும், பக்கத்தில் உட்காரும் ஆசிரியரின் கூலியும் அதில் அடக்கம் என்பதால் குறை சொல்வதற்கில்லை. கேட்க வேண்டியது, கொடுத்த பணத்துக்கு எத்தனை மணி நேரம் வளையத்தைப் பிடித்தோம் என்பதுதான்.

விதி தெளிவாக இருக்கிறது. போக்குவரத்து வாகனத்துக்கான பயிற்சி முப்பது நாளுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டியை நாமே ஓட்டுவது பதினைந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைப் பள்ளிக்காரர் பதினைந்தாம் எண் படிவத்தில் எழுதி வைக்க வேண்டும். பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலுக்கும் பிரேக் எட்டும்படி இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். சொல்லித் தருகிறவர் பத்தாம் வகுப்பு தேறியவராகவும், ஐந்து வருஷம் ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிக் பயிற்சிச் சான்றும் உள்ளவராகவும் இருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் பயிற்சி லாரியை ஒரு தடவை ஏறிப் பாருங்கள். "என் பெயருக்கு எத்தனை மணி நேரம் எழுதியிருக்கிறது?" என்று வாராவாரம் கேளுங்கள். பத்து நாள் போய், பத்துப் பேரோடு சேர்ந்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் ஓட்டி விட்டு முப்பது நாள் சான்றிதழோடு வருகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? கணவாய்க் காற்றை ஏமாற்ற முடியாது.

இதைவிடக் கண்டிப்பான ஏற்பாடும் வந்திருக்கிறது. 2021 ஜூலை முதல், "அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்" என்ற புதிய வகைக்கு விதி உண்டு. அங்கே கனரகப் பாடம் ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அதில் தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. பழைய பெயர் வாய்ந்த இடங்களும் இருக்கின்றன. தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பயிற்சி நடத்துகிறது. லாரிகளுக்குப் பேர் போன நாமக்கல்லில் அசோக் லேலண்ட் கம்பெனியின் பயிற்சிப் பள்ளி 1995-இலிருந்து இருக்கிறது. நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போய்த் தங்கிப் படித்தால், சம்பளத்தோடு சாப்பாட்டுச் செலவும் சூளைக் கூலி நஷ்டமும் சேரும். அதையும் கணக்கில் வைத்துக் கொள்ளுங்கள்.

கண்ணும் காதும்

வைத்தியர் சான்றிதழ் ஒன்று உண்டு. அதன் படிவத்துக்கு "1-ஏ" என்று பெயர். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து மோட்டார் நம்பரைப் படிக்க முடிகிறதா, நிறங்கள் வேறு வேறாகத் தெரிகின்றனவா, காது கேட்கிறதா, மாலைக் கண் உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள். ஐம்பது ரூபாய் கொடுத்து ஆளைப் பார்க்காமலே கையெழுத்து வாங்குவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். நிறக்குருடு இருக்கிற பையன் அதைத் தெரிந்து கொள்ள வேண்டிய இடம் வைத்தியர் அறையா, வடசேரிச் சிக்னலா?

மனுப் போடுவதெல்லாம் இப்போது கைபேசியிலேயே ஆகி விடுகிறது. மத்திய அரசின் அந்த இணையத் தளத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? "சாரதி"! கண்ணபிரானுக்கு இருந்த உத்தியோகத்தைச் சர்க்கார் மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக் கொள்ளலாம். தோவாளைத் தாலுகா நாகர்கோவில் ஆர்.டி.ஓ. எல்லையில் சேரும், வண்டி நம்பரில் டி.என். 74 என்று இருக்குமே, அதுதான். பரீட்சை நாளில் அந்த ரகத்து வண்டியோடு போக வேண்டும். பின்பக்கமாகக் குறுகலான இடத்தில் திருப்புவது, ஏற்றத்தில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மறுபடி கிளப்புவது இவையெல்லாம் பார்ப்பார்கள். இரண்டாவதில்தான் அநேகர் வியர்த்துப் போகிறார்கள்.

அந்தக் காலத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தபோது, இதே ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி இருந்தது. பாரத்தைத்தான் சோதித்தார்கள், வண்டிக்காரனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. காளைகளுக்குத் தெரிந்திருந்தது! 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இப்போது இங்கே வாங்குகிற லைசென்ஸ் காஷ்மீர் வரை செல்லும். ஆனால் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். துபாயில் குடியிருந்து வேலை பார்க்க நம் லைசென்ஸ் அப்படியே போதாது. அந்த நாட்டு லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

குட்டியானைக்கு?

"அதெல்லாம் சரி. தோவாளைப் பூவை ஏத்திக்கிட்டுப் போற குட்டியானைக்கும் இத்தனை பாடா?" என்று கேட்டாள் அம்மாள்.

நல்ல கேள்வி. இதற்குச் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பர் 6-ஆம் தேதி பதில் சொல்லி விட்டார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வாகனமானால், இலகுரக லைசென்ஸ் உள்ளவரே அதை வாடகைக்கும் ஓட்டலாம். தனியாகப் போக்குவரத்து வாகனக் குறிப்பு தேவையில்லை. மொத்த எடை என்பது வண்டியும் ஏற்றக் கூடிய பாரமும் சேர்ந்தது, ஆர்.சி. புத்தகத்தில் அச்சாகி இருக்கும். அபாயச் சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. பூவும் வாழைத்தாரும் ஏற்றும் சிறு வண்டியில் கை பழகிக் கொண்டே கனரகத்துக்குக் காத்திருப்பதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. காத்திருக்கும் காலம் வீணாகாது; கூலியும் வரும்.

சூளையில் கிளீனராகச் சேர்ந்து, ராத்திரியில் முதலாளிக்குத் தெரியாமல் லாரியை முன்னும் பின்னும் எடுத்துப் பழகி, பிறகு ரோட்டுக்கே வந்து விடுகிற பையன்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டக் கொடுத்த சொந்தக்காரருக்கும் அதே அளவு. பையனுக்கு 18 நிறையவில்லையானால் பெற்றவருக்கோ, வண்டிக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. விபத்து நேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்து விட்டு, வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. அந்தத் தொகைக்கு அடகு வைக்க எத்தனை சங்கிலி வேண்டும்?

நம் மாவட்டத்துப் பெண்

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில் எங்கேயும் ஆண் என்றோ, பெண் என்றோ போட்டிருக்கவில்லை. எம். வசந்தகுமாரி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கனரக லைசென்ஸ் எடுத்து அரசுப் பஸ் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டபோது, பெண் ஒருத்தி பஸ் ஓட்டுவதாவது என்று தயங்கினார்கள். அவர் மனுவை மடித்துப் பெட்டியில் வைத்து விடவில்லை. விடாமல் கேட்டுக் கொண்டே இருந்தார். 1993 மார்ச் 30-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸின் முதல் பெண் டிரைவர் அவர்தான். ஆசியாவிலேயே முதல்வர் என்றும் பத்திரிகைகள் எழுதின. 2017-இல் ஓய்வு பெறும் வரை ஓட்டினார். அவரிடம் இருந்ததும் மற்ற எல்லோரிடமும் இருக்கிற அதே லைசென்ஸ்தான்.

அரசு பஸ் வேலையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லி விட வேண்டும். லைசென்ஸுக்குப் படிப்பு வேண்டாம், வேலைக்கு வேண்டும். 2025 மார்ச்சில் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் இடங்களுக்கு மனுக் கோரியபோது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 24 வயது, கனரக லைசென்ஸ், கண்டக்டர் லைசென்ஸ், ஓட்டிய அனுபவம் எல்லாம் கேட்டார்கள். ஏழாவதோடு நின்ற பையனானால், லைசென்ஸுக்குக் காத்திருக்கும் நாளில் தனித்தேர்வராக எட்டாவதையும், பிறகு பத்தாவதையும் எழுதப் பார்க்கலாம். இதைச் சொன்னபோது பையனுக்கு முகம் சுருங்கியது. வளையத்தைவிடப் பேனா கனம் போலிருக்கிறது!

கையில் வந்த பிறகும் கவனம் வேண்டும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான். அபாயச் சரக்குக்கு மூன்று. முன்பெல்லாம் காலாவதியான பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது. 2019-இல் திருத்திய சட்டத்தில் அது போய் விட்டது. தேதி முடிந்த மறுநாளே அந்த அட்டை வெறும் அட்டை. முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்னதாகவே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டி விட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பெரியவர் இதைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து தம் லைசென்ஸை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "இன்னும் ஏழு மாசம் கெடக்கு" என்று திரும்ப வைத்துக் கொண்டார்.

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. அம்மாள் ஏறவில்லை. பையன் கைபேசியில் எதையோ தட்டிக் கொண்டிருந்தான்.

"எம்மா, இருநூறு ரூவா."

"எதுக்குலே?"

"எல்.எல்.ஆருக்கு. காருக்குத்தான்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். பிறகு துணிப்பையை இடுப்பில் செருகிக் கொண்டே பெரியவரைப் பார்த்து, "அண்ணாச்சி, அடுத்த வருசம் கார்த்திகை எப்பம் பொறக்குது?" என்று கேட்டாள்.

"நவம்பர் பாதியில" என்றார் அவர். வெளியே போய்த் தம் லாரியின் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து, மறுபடியும் கட்டத் தொடங்கினார்.